தொகுத்தவர் கை: ஈகிள்ஸ் தொகுப்பும் ஜொகூர்க் கேட்போரும்

புகழ்பெற்ற பாடல்களைத் திரட்டி வெளியிடும் ஆல்பங்களை வணிகச் சரக்கு என்று ஆய்வாளர்கள் ஒதுக்குவது வழக்கம். ஜொகூரில் இசை கேட்கப்பட்ட வரலாற்றுக்கு அந்த வழக்கம் ஒத்துவராது. தொகுப்பைத் தனிப் பனுவலாகவே வாசிக்க வேண்டும் என்பது என் வாதம்.

அமெரிக்கக் கன்ட்ரி ராக் குழுவான ஈகிள்ஸின் 1971–1975 தொகுப்பை அசைலம் நிறுவனம் 1976 பிப்ரவரியில் வெளியிட்டது. அமெரிக்காவில் பிளாட்டினச் சான்று பெற்ற முதல் ஆல்பம் இதுவே. 2018இல் அது 38 மடங்கு பிளாட்டினத்தை எட்டியது. நான்கு ஆல்பங்களிலிருந்து எடுத்த பத்துப் பாடல்கள் இதில் உள்ளன. தேர்வில் தங்களைக் கலந்தாலோசிக்கவில்லை என்ற மனக்குறை குழுவினருக்கு இருந்தது. அது நியாயமானதே. 'டெஸ்பராடோ', 'டெக்கீலா சன்ரைஸ்' இரண்டும் மேற்கு அமெரிக்கக் கொள்ளையர் கதையாகப் பின்னப்பட்ட 1973ஆம் ஆண்டு ஆல்பத்தின் பகுதிகள். தொகுப்பில் கதை உதிர்ந்து காதலும் ஏக்கமும் மட்டுமே எஞ்சுகின்றன.

இதைவிட ஆழமான மாற்றம் குரல்களில் நிகழ்ந்தது. பத்தில் ஐந்தை கிளென் ஃபிரேயும் நான்கை டான் ஹென்லியும் ஒன்றை ராண்டி மைஸ்னரும் முன்னின்று பாடுகிறார்கள். குழுவில் கன்ட்ரி இசையில் ஆழ வேரூன்றியிருந்த பெர்னி லெடன் முதன்மைக் குரலாக ஒரு பாட்டிலும் இல்லை. அவருடைய பாஞ்சோவும் கிட்டாரும் கேட்கின்றன. தம் இசைத் தோழர் கிராம் பார்சன்ஸ் 1973இல் மறைந்தபின் அவர் நினைவாக லெடன் பாடிய 'மை மேன்' 1974ஆம் ஆண்டு ஆல்பத்தில் இருக்கிறது. அந்த ஆல்பத்திலிருந்து இரண்டு பாடல்களை எடுத்தவர்கள் இதை எடுக்கவில்லை. தொகுப்பு கடைக்கு வருமுன்பே, 1975 டிசம்பரில், லெடன் குழுவைவிட்டு விலகிவிட்டார். குழு அடுத்து எந்தத் திசையில் போகவிருந்ததோ அதற்கேற்ப அதன் கடந்தகாலமும் திருத்தி எழுதப்பட்டது என்றே நான் கொள்கிறேன்.

தொகுப்பவர் கை மூலத்தை மாற்றியமைப்பது தமிழருக்குப் புதிதன்று. அகநானூற்றில் ஒற்றைப்படை எண்கள் பாலைக்கு, நான்கில் முடிபவை முல்லைக்கு, ஆறில் முடிபவை மருதத்துக்கு. அந்த வரிசை தொகுத்தவர் தந்தது. பாடியவர்கள் ஒருநாளும் அறியாத அவ்வரிசையிலேயே நாம் அவர்களைப் படிக்கிறோம்; அதை மூலமல்ல என்று யாரும் தள்ளுவதில்லை.

இனி ஜொகூர்க் கேட்போருக்கு வருவோம். ஜொகூர் பாருவுக்குச் சிங்கப்பூர் வானொலி எட்டும். ஜொகூரையும் சிங்கப்பூரையும் இணைக்கும் பாலத்தின் இருபுறமும் 1987இல் புதிய பதிப்புரிமைச் சட்டங்கள் வரும்வரை அனுமதியற்ற கேசட்டுகள் தாராளமாகப் புழங்கின. இங்கே குழுவின் வளர்ச்சியை ஆண்டுவாரியாகப் பின்தொடர்ந்தவர்களைவிட, தொகுப்பு வழியாகவே அறிந்தவர்கள் மிகுதி என்று கருத இடமுண்டு. 1981இல் ஜொகூர் பாருவில் உருவான 'செர்ச்' ராக் குழுவுக்கும் இக்கேள்வி பொருந்தும்: 1989இன் 'இசபெல்லா' பாடலை மட்டும் கலவைக் கேசட்டில் கேட்டவர் அறிந்த 'செர்ச்' எது? இதற்கு விடை காண, பழைய கேசட் உறைகளில் அச்சான பாடல் வரிசைகளை மூலச் சான்றுகளாகத் திரட்ட வேண்டும். நாடாக்களும் உறைகளும் பூஞ்சை பிடித்து அழிந்துவருவதால் அந்தப் பணியை மேலும் தள்ளிப்போட முடியாது.