பேரேட்டில் நிற்காத பெயர்

1

நான் நாலாவதோ ஐந்தாவதோ படித்துக்கொண்டிருந்த சமயம். தொண்ணூறுகளின் கடைசி. கோவில்பட்டிக்கு வடக்கே எங்கள் கரிசல் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குக் குஷ்டரோக இன்ஸ்பெக்டர் சைக்கிளில் வருவார். ஆண்பிள்ளைகளைச் சட்டையைக் கழற்றச் சொல்லி வெளிச்சத்தில் வரிசையாக நிறுத்துவார். முதுகில் தேமல் இருந்தால் கண்ணை மூடச் சொல்லித் தேமலின்மேல் மெல்லத் தொட்டு, 'எங்கடே தொட்டேன், காட்டு' என்பார். காட்டத் தெரியாதவனின் பெயர் நீள ரிஜிஸ்தரில் ஏறும். நோயைவிட அந்த ரிஜிஸ்தருக்குத்தான் நாங்கள் பயந்தோம்.

இக்கட்டுரை அந்த ரிஜிஸ்தரைப் பற்றியது. நான் மருத்துவன் இல்லை, தமிழ் எம்.ஏ. படித்தவன். ஆனால் பேரேடும் ஒரு பிரதிதான். யார் எழுதியது, யாரைப்பற்றி எழுதியது, எங்கே நிறுத்தியது என்று கேட்பதற்கு டாக்டர் பட்டம் தேவையில்லை.

முடக்குவாதம், குடல் அழற்சி மாதிரியான நாள்பட்ட அழற்சி நோய்களை இன்று தேசியப் பதிவேடுகளைக்கொண்டு ஆராய்வதற்கு ஸ்காண்டிநேவிய நாடுகளைத்தான் உதாரணமாகக் காட்டுகிறார்கள். ஸ்வீடனில் 1947 முதல், டென்மார்க்கில் 1968 முதல் ஒவ்வொரு குடிமகனுக்கும் ஓர் எண் உண்டு. டென்மார்க்கின் நோயாளர் பதிவேடு 1977இல் தொடங்கியது. முப்பது வயதில் மூட்டு வீங்கிப் படுத்தவருக்கு அறுபது வயதில் இதயம் என்ன ஆயிற்று என்பதை அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டே போய்ப் பார்த்துவிடலாம். நம்மிடம் அப்படி ஒன்று இல்லையே என்று நம் மருத்துவர்கள் அங்கலாய்ப்பதும் நியாயமே. ஆனால் ஒரு நோய்க்கு நம்மிடமும் பேரேடு இருந்தது. அதே நோய்தான் ஐரோப்பாவிலும் இந்தத் தேசியப் பேரேடுகளுக்கெல்லாம் முன்னோடி. அது தொழுநோய். கிருமியால் வருவதுதான். என்றாலும் கையையும் காலையும் முடக்குவதில் பெரும்பங்கு கிருமிக்கு எதிராக உடம்பே நரம்புக்குள் மூட்டிவிடும் அழற்சிக்கு உண்டு. கிருமி செத்த பிறகும் அந்த அழற்சி வரலாம். இந்தக் கட்டுரையின் பிரச்சினை முழுவதும் இந்த ஒரு வாக்கியத்தில்தான் இருக்கிறது.

2

நார்வே 1856இல் தொழுநோய்ப் பேரேட்டைத் தொடங்கியது. ஒரு நோய்க்கென்று ஒரு தேசம் முழுவதற்கும் வைக்கப்பட்ட முதல் பேரேடு என்று இதைச் சொல்கிறார்கள். அப்போது அங்கே அறியப்பட்ட நோயாளிகள் மூவாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. பெரும்பாலும் மேற்குக் கடலோரத்து ஏழை மீனவர்கள், குடியானவர்கள். நோய் எப்போது கண்டது, எந்த ஊர், உறவினரில் யாருக்கு இருந்தது, ஆஸ்பத்திரிக்குப் போனாரா, கப்பலேறிப் போனாரா, எப்போது இறந்தார் என்று ஒவ்வொரு பெயரையும் அது கடைசிவரை பின்தொடர்ந்தது. இறப்புவரை பெயர் பேரேட்டில் நின்றது என்பதைக் கவனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அன்றைக்கு அது பரம்பரை நோய் என்பதே மேலோங்கிய கருத்து. பெர்கன் நகரத்து டானியல்சன் அக்கருத்தின் தூண். அவருடைய மருமகன் ஆர்மாவர் ஹேன்சன் 1873இல் நுண்ணோக்கியில் கோல்வடிவக் கிருமியைக் கண்டார். வெறும் நுண்ணோக்கி அவருக்குப் போதவில்லை; பேரேடும் சாட்சி சொன்னது. நோயாளிகளை அதிகம் தனியே வைத்த வட்டாரங்களில் புதிய நோயாளிகள் வேகமாகக் குறைந்தார்கள். பரம்பரை நோயென்றால் அப்படிக் குறைய வேண்டியதில்லை என்பது அவர் வாதம்.

இந்த அறிவுக்கு ஒரு விலை இருந்தது. அதே வாதத்தின் பலத்தில் 1877, 1885ஆம் ஆண்டுச் சட்டங்கள் வந்தன. நோயாளிகளை வீட்டிலிருந்து பிரித்துவைக்க வழி செய்தன. ஹேன்சனே 1879இல் ஒரு பெண்ணின் கண்ணில், அவளைக் கேட்காமல், இன்னொரு நோயாளியின் புண்ணிலிருந்து எடுத்ததை ஊசியால் ஏற்றினார். 1880இல் நீதிமன்றம் ஆஸ்பத்திரி வேலையிலிருந்து அவரை நீக்கியது. நாட்டின் தலைமைத் தொழுநோய் அதிகாரி என்ற பதவி மட்டும் அவரிடமே இருந்தது. பேரேடும்.

ஃபூக்கோ 1975இல் எழுதிய சிறைச்சாலை பற்றிய நூலில் தொழுநோயாளியை வெளியே தள்ளப்பட்டவனாகவும், கொள்ளைநோய்க் காலத்து நகரவாசியைப் பதிவேட்டில் அடைக்கப்பட்டவனாகவும் பிரிக்கிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று படிந்தன என்கிறார். பெர்கன் பேரேடு அந்தப் படிதலுக்குக் கச்சிதமான உதாரணம்: வெளியே தள்ளுவதற்காகவே உள்ளே எழுதிக்கொள்வது.

3

நம்மூர்க் கணக்கு வேறு இடத்திலிருந்து தொடங்குகிறது. சித்திரைப் பௌர்ணமியன்று தென்மாவட்டக் கோயில்களில் சித்திரபுத்திர நயினார் கதை வாசிப்பார்கள். பாவபுண்ணியம் எல்லாம் அவர் ஏட்டில் இருக்கிறது. நாலடியாரிலேயே 'தொழுநோய்' என்ற சொல் வந்துவிடுகிறது. முன்பிறவியில் நண்டின் காலை முறித்துத் தின்ற வினைதான் விரல் அழுகும் நோயாக வந்து சேர்ந்தது என்கிறது அப்பாட்டு. ஆகவே வெள்ளைக்காரன் கணக்கெடுக்க வந்தபோது நோயாளி ஏற்கெனவே ஒரு பேரேட்டில் குற்றவாளியாக இருந்தான்.

1881 முதல் 1931 வரை பத்தாண்டுக்கொரு முறை மக்கள்தொகைக் கணக்கில் பைத்தியம், செவிட்டூமை, குருடு ஆகியவற்றோடு குஷ்டத்தையும் எண்ணினார்கள். வெண்குட்டத்தைச் சேர்க்காதே என்று கணக்கெடுப்பவருக்கு உத்தரவு போட வேண்டியிருந்தது. இரண்டுக்கும் 'குட்டம்' என்று ஒரே சொல் வழங்கிய மொழியில் அந்த உத்தரவு எவ்வளவு தூரம் செல்லுபடியாகியிருக்கும்? 1889இல் மொலக்காய்த் தீவில் பாதிரியார் டேமியன் தொழுநோயால் இறந்ததும் ஏகாதிபத்தியம் பதறியது. 1890-91இல் இந்தியா வந்த ஆணையம், தொற்று உண்டு, ஆனால் சொற்பம். கட்டாயமாக ஒதுக்க வேண்டியதில்லை என்றது. அப்படியும் 1898இல் குஷ்டரோகிகள் சட்டம் வந்தது. பிச்சைக்கார நோயாளி என்று தெரிந்தால் போலீஸ்காரர் வாரண்ட் இல்லாமலே பிடிக்கலாம். காசுள்ள நோயாளியைப் பிடிக்க முடியாது. சட்டம் தேடியது கிருமியையா வறுமையையா என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. இச்சட்டத்தைப் பாராளுமன்றம் ரத்து செய்த ஆண்டு 2016.

4

சுதந்திர இந்தியா 1955இல் தேசியத் தொழுநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. சைக்கிள் இன்ஸ்பெக்டர் அந்த வழியில் வந்தவர். 1980களில் ரிஃபாம்பிசின், க்ளோஃபாசிமின், டாப்சோன் சேர்ந்த கூட்டு மருந்து வந்தது. அது எத்தனை லட்சம் கைகளைக் காப்பாற்றியது என்பதை மறுப்பவன் நன்றி கெட்டவன். நான் மறுக்கவில்லை. நான் பேசுவது எண்ணிக்கையைப் பற்றி.

1991இல் உலக சுகாதாரப் பேரவை ஓர் இலக்கு வைத்தது: 2000க்குள் பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவாக நோயாளி. நோயாளி என்றால் யார்? சிகிச்சை ரிஜிஸ்தரில் அன்றைய தேதிக்குப் பெயர் இருப்பவர். மாத்திரை முடிந்ததும் பெயரை அடித்துவிடுவார்கள். அவர் 'சிகிச்சையிலிருந்து விடுவிக்கப்பட்டவர்'. கிருமி அதிகமுள்ளவர்களுக்கு முதலில் 24 மாதமாவது சிகிச்சை. 1997இல் கூடிய உலக சுகாதார நிறுவன நிபுணர் குழு அதைப் 12 மாதமாக்கியது. அதற்கு மருத்துவக் காரணங்கள் உண்டு. ஆனால் கணக்கைப் பாருங்கள். ஒரு வட்டாரத்தில் மாதம் ஒருவருக்கு இந்த நோய் காண்கிறது என்று வைத்துக்கொள்வோம். 24 மாதச் சிகிச்சையில் எந்த நாளில் எண்ணினாலும் ரிஜிஸ்தரில் 24 பெயர். 12 மாதச் சிகிச்சையில் 12 பெயர். மாதம் ஒருவர் வருவது அப்படியே இருக்கிறது. நோய் மட்டும் பாதியாகிவிட்டது!

இந்தியா 2005 டிசம்பரில் இலக்கை எட்டியது. 2022இல் உலகில் புதிதாகக் கண்டறியப்பட்ட 1,74,087 பேரில் 1,03,819 பேர் இந்தியர்கள். 'ஒழிப்பு' என்ற சொல்லைத் தமிழில் நாம் எதற்கெல்லாம் பயன்படுத்துகிறோம் என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

பெயர் அடிக்கப்பட்ட பிறகு வரும் அழற்சியை யார் எண்ணுவது? 'ரியாக்‌ஷன்' என்கிறார்கள். நரம்பு வீங்கும், வலிக்கும், ஆறு மாதத்துக்குள் ஸ்டீராய்டு மருந்து கொடுத்தால் கை மீள வாய்ப்புண்டு. விட்டால் விரல் மடங்கியதுதான். நார்வே ஆளைப் பின்தொடர்ந்தது. நமது ரிஜிஸ்தர் மாத்திரையைப் பின்தொடர்ந்தது. மாத்திரை தீர்ந்த இடத்தில் நோயின் வரலாறும் தீர்ந்துவிட்டதாக எழுதிக்கொண்டது. நாள்பட்ட நோய்க்கு நாட்கணக்குப் பேரேடு.

5

இதை நான் புத்தகத்திலிருந்து தொடங்கவில்லை. என் பெரியம்மா தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்குகிறவள். விரலில் குச்சி இருக்கிறதா விழுந்துவிட்டதா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்வாள். பருத்திமார் காலில் ஏறியதுகூட வீட்டுக்கு வந்து ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் தெரியும். வீடுவீடாகப் பார்க்க வந்தபோது கண்டுபிடித்துவிட்டார்கள். கல்யாணத்துக்கு மகள் இருந்தாள். அதனால் ரிஜிஸ்தரில் வேறு பேரைச் சொன்னாள். ஊரில் பாதிப் பேருக்குள்ள ஒரு சாமி பேர். மாத்திரையை ஒழுங்காகத் தின்று முடித்தாள். பெயர் அடிக்கப்பட்டது. அடுத்த வருஷம் முழங்கை நரம்பு கயிறு மாதிரி தடித்தது. காட்டப்போன இடத்தில் 'ஒனக்குத்தான் கொணமாயிட்டே' என்று வலிமாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். சுண்டுவிரலும் மோதிரவிரலும் மடங்கிக்கொண்டன.

1995ஆம் ஆண்டுச் சட்டமும் 2016ஆம் ஆண்டுச் சட்டமும் 'தொழுநோயிலிருந்து குணமானவரை' மாற்றுத்திறனாளிகளில் ஒரு வகையாக ஏற்கின்றன. ஒரு பேரேட்டில் அடிக்கப்பட்ட பெயர் இன்னொன்றில் ஏற வேண்டும். உதவித்தொகைக்காக நான்தான் அவளைக் கூட்டிக்கொண்டு அலைந்தேன். முன்பு சிகிச்சை எடுத்ததற்குச் சான்று கேட்டார்கள். பழைய ரிஜிஸ்தர் அங்கே இல்லை. இருந்திருந்தாலும் அதில் இருப்பது அவள் பெயரில்லை. பேருந்தில் திரும்பும்போது சொன்னாள்: 'அன்னைக்கு எம் பேரு வேணும்னு வீடுதேடி வந்தாக. பயந்துக்கிட்டு ஒளிச்சேன். இன்னைக்கு நானே எம் பேரத் தாரேன்னு போறேன், எழுதமாட்டேங்காகளேய்யா.'

பெர்கன் ஆவணங்களை யுனெஸ்கோ 2001இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. எட்டாயிரத்துக்கு மேற்பட்ட பெயர்கள். அவர்கள் இறந்த பிறகும் அவர்களைப் பற்றிய அறிவு வளர்கிறது. கோவில்பட்டி வட்டாரத்து ரிஜிஸ்தர்களின் பெயர்களுக்கு அந்த யோகம் இல்லை. 2021இல் டிஜிட்டல் சுகாதார எண் வந்திருக்கிறது. 2023இல் தொழுநோய்க்கென்று 'நிகுஷ்ட்' கணினிப் பதிவின் புதிய வடிவம். நல்லது. நம் கவிஞர்களும் விமர்சகர்களும் கண்காணிப்பு என்று சொல்லி இதை முழுசாக நிராகரித்துவிடலாம். நானும் கொஞ்சகாலம் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன். பெரியம்மாவின் மடங்கிய விரல்கள் என்னை அந்த வசதியான இடத்தில் நிற்கவிடவில்லை. அவளுக்குத் தேவைப்பட்டது பேரேடு இல்லாத உலகமில்லை. தன் சொந்தப் பெயரைப் பயமில்லாமல் சொல்லக்கூடிய, வலி இருக்கும்வரை அந்தப் பெயரை அடிக்காத ஒரு பேரேடு. புதிய பதிவுகளைக் கொண்டுவருகிறவர்களிடம் இந்த இரண்டையும்தான் நாம் கேட்க வேண்டும்: பெயர் கொடுத்தவளுக்கு என்ன பாதுகாப்பு? எந்தத் தேதியில் அவளை அடிப்பீர்கள்?