கேன்ட் சார்ட்

மென்பொருள் நிறுவனங்களிலும் கட்டுமானத் துறையிலும் அன்றாடம் புழங்கும் சொல் இது. இடப்பக்கம் வேலைகளின் பட்டியல். வலப்பக்கம் தேதிகளுக்குக் கீழே கிடைமட்டப் பட்டைகள். ஒரு வேலை என்று தொடங்கி என்று முடியும் என்பதைப் பட்டையே சொல்லிவிடும்.

கேன்ட் என்பது ஒருவரின் பெயர். ஹென்றி லாரன்ஸ் கேன்ட் (1861–1919) அமெரிக்க இயந்திரப் பொறியாளர். தொழிற்சாலையில் திட்டமிட்ட வேலையையும் நடந்த வேலையையும் ஒரே தாளில் ஒப்பிட, 1910-களில் இத்தகைய அட்டவணைகளைப் பரப்பினார். அவர் மறைந்தபின், 1922-இல் வாலஸ் கிளார்க் எழுதிய நூல் அந்தப் பெயரை நிலைநிறுத்தியது.

ஆனால் போலந்துப் பொறியாளர் கரோல் அடமியெட்ஸ்கி 1896-லேயே இதற்கு நெருக்கமான ஒன்றை வரைந்திருந்தார். அவர் இட்ட பெயர் ‘ஹார்மோனோகிராம்’. இசைவைக் குறிக்கும் கிரேக்க வேரிலிருந்து வந்தது. போலிஷிலும் ரஷ்யனிலும் எழுதியதால் அவர் புகழ் ஆங்கில உலகை எட்டவில்லை. போலிஷ் மொழியில் கால அட்டவணைக்கு இன்றும் அதுவே சொல். இந்த வரலாற்றில் அவருக்கும் சம இடம் தருவதே நியாயம்.

தாளில் ஒரு தேதி மாறினால் எல்லாவற்றையும் அழித்து வரைய வேண்டும். மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்ட் போன்ற மென்பொருளில் வேலைகளை இணைத்துவிட்டால், அடித்தள வேலை நீளும்போது சுவர் வேலை தானே தள்ளிப்போகும். கூலியைப் பதிந்திருந்தால் செலவும் மாறும்: மணிக்கு 200 ரூபாய் வீதம் 3 பேர், நாளுக்கு 8 மணி நேரம், 4 நாள் கூடினால் 19,200 ரூபாய் ஏறும்.

பட்டைகளை நகர்த்தும் முன் முதல் திட்டத்தை ‘பேஸ்லைன்’ ஆகச் சேமித்துவிடுங்கள். எவ்வளவு தாமதம் என்பதை அதை வைத்துத்தான் அளக்க முடியும்.