பூப்பந்து வந்து சேர 16 ஆண்டுகள்

2005 செப்டம்பரில் தோக்கியோ கேம் ஷோ மேடையில் நிண்டெண்டோ தலைவர் சதோரு இவாத்தா, டிவி ரிமோட் மாதிரியான ஒரு கருவியைக் காட்டினார். அதைப் பிடித்துக் கையை வீசினால் போதும், திரையில் ஆட்டம் நடக்கும். அதே ஆண்டில்தான் அனைத்துலகப் பூப்பந்து சம்மேளனம் இங்கிலாந்தின் செல்டன்ஹாமை விட்டுத் தன் தலைமையகத்தைக் கோலாலம்பூருக்கு மாற்றியது. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் தொடர்பில்லை. ஆனால் கையை வீசி ஆடுவதற்கென்றே வந்த நிண்டெண்டோவின் ‘ஸ்போர்ட்ஸ்’ வரிசைக்குள், நாம் தினமும் கையை வீசி ஆடும் ஆட்டம் நுழைய 2022 வரை ஆனது. அந்தத் தாமதம் கருவியைப் பற்றியும் சொல்கிறது, பூப்பந்தைப் பற்றியும் சொல்கிறது.

2006 நவம்பரில் வீ விற்பனைக்கு வந்தது. பல நாடுகளில் கூடவே கொடுக்கப்பட்ட ‘வீ ஸ்போர்ட்ஸ்’ தட்டில் ஐந்து ஆட்டங்கள்: டென்னிஸ், பேஸ்பால், பௌலிங், கோல்ஃப், குத்துச்சண்டை. கிள்ளானில் என் பெரியம்மா வீட்டுத் தீபாவளித் திறந்த இல்லத்தில் பிள்ளைகள் அதை ஆடிக்கொண்டிருந்தபோது ஒரு சிறுவன் கேட்டான், “இதுல பேட்மிண்டன் எங்க மாமா?” பதில் சொல்ல ஆளில்லை. பேஸ்பாலை அந்தக் கூடத்தில் யாரும் வாழ்நாளில் ஆடியதில்லை.

அவன் கேட்டதில் நியாயம் உண்டு. 1949இல் முதல் தாமஸ் கிண்ணத்தை வென்றது மலாயா. 1992இல் ஸ்டேடியம் நெகாராவில் இந்தோனேசியாவை 3–2 என்று வென்ற இரவை இன்றும் நேற்று நடந்ததுபோலப் பேசுவார்கள். நம்மவர் பஞ்ச் குணாளன் 1971இல் இங் பூன் பீயுடன் அனைத்து இங்கிலாந்து இரட்டையர் பட்டத்தையும், 1974 காமன்வெல்த் போட்டியில் ஒற்றையர் தங்கத்தையும் வென்றார். பிறகு சம்மேளன நிர்வாகத்திலும் முக்கியப் பங்காற்றினார். தாமான்களில் கேட்டுக்குக் கேட் கயிறு கட்டினால் அதுவே வலை.

நிண்டெண்டோவின் கண் ஜப்பான், அமெரிக்கச் சந்தைகள் மேல். காரணம் அவ்வளவுதான் என்று விட்டுவிடலாம். எனக்கு அது பாதிக் காரணமாகத்தான் படுகிறது. முதல் வீ ரிமோட்டுக்குள் இருந்தது ஒரு முடுக்கமானி. புவியீர்ப்பைப்போல மூன்று மடங்குவரை அளப்பதற்கென வடிவமைக்கப்பட்டது. கை எந்தப் பக்கம் எவ்வளவு வேகம் கூட்டுகிறது என்று அதற்குத் தெரியும். முன்கை எப்படித் திரும்புகிறது என்பதைச் சரியாகச் சொல்லத் தெரியாது. டிவிமேல் வைக்கும் ‘சென்சார் பார்’ பெயருக்குத்தான் சென்சார். உண்மையில் அது அகச்சிவப்பு விளக்கு, கேமரா ரிமோட்டின் மூக்கில் இருக்கிறது. ஆகவே டென்னிஸில் அது முக்கியமாகப் பார்த்தது ‘எப்போது வீசினாய்’ என்பதை. சீக்கிரம் வீசினால் பந்து ஒரு பக்கம், தாமதித்தால் மறுபக்கம். ஓடுவதைத் திரையில் உள்ள பொம்மையே பார்த்துக்கொள்ளும். சோபாவில் சாய்ந்து மணிக்கட்டைச் சுண்டினாலே ஜெயிக்கலாம். உடம்புதான் அதை நம்பவில்லை. பலர் முழுக் கையை வீசி ரிமோட்டைப் பறக்கவிட்டதில், 2006 டிசம்பரிலேயே நிண்டெண்டோ ஏறத்தாழ 32 லட்சம் கைப்பட்டைகளை மாற்றித்தர வேண்டியதாயிற்று.

பூப்பந்தின் உயிர் ஏமாற்றில் இருக்கிறது. ஸ்மாஷுக்குத் தூக்கிய அதே கை, கடைசி நொடியில் முன்கையை இளக்கி ஷட்டலை வலையோரம் நழுவவிடும். எதிராளிக்குக் கடைசிவரை தெரியக்கூடாது. கருவிக்கோ தெளிவாகத் தெரிந்தே ஆகவேண்டும். நோக்கத்தை மறைக்கும் ஓர் ஆட்டத்தை, நோக்கத்தைக் கண்டுபிடிக்க வந்த கருவி எப்படி வாங்கிக்கொள்ளும்?

2009இல் மோஷன்பிளஸ் என்ற சுழல்மானி வந்து திருப்பத்தையும் அளந்தது. கூடவே வந்த ‘வீ ஸ்போர்ட்ஸ் ரிசார்ட்’டில் வாள்வீச்சு, வில்வித்தை, மேசைப்பந்து எல்லாம் உண்டு, பூப்பந்து மட்டும் இல்லை. 2010 நவம்பரில் மைக்ரோசாப்டின் கினெக்ட் வந்தபோது ரிமோட்டே தேவையில்லை, உடம்பே கருவி என்றார்கள். உண்மையில் அது பெரிய பாய்ச்சல்தான், கால்கூடக் கணக்கில் வந்தது. ஆனால் அது பார்த்தது 20 மூட்டுகளை, நொடிக்கு 30 முறை. விரல்களை அது தனித்தனியாகப் பார்க்கவில்லை. பரதத்தின் முத்திரையோ மட்டையைப் பிடிக்கும் விரலழுத்தமோ அதற்கு ஒரே ஒரு புள்ளி. ‘கினெக்ட் ஸ்போர்ட்ஸ்’ பட்டியலிலும் பூப்பந்து சேரவில்லை. 2017இல் கினெக்ட் உற்பத்தியே நின்றது.

கடைசியில் 2022 ஏப்ரலில் ‘நிண்டெண்டோ சுவிட்ச் ஸ்போர்ட்ஸ்’ பூப்பந்தைக் கொண்டுவந்தது. ரேலி வேகமானது, வீச்சின் திசையைக் கருவி ஓரளவு மதிக்கிறது, ஆடச் சுகமாகவே இருக்கிறது. பொம்மை இன்னமும் தானாகத்தான் ஓடுகிறது. பயிற்றுநர்கள் காலடியைத்தான் முதலில் சொல்லிக்கொடுப்பார்கள், ஷட்டல் இல்லாமலே ஓடவிடுவார்கள். இங்கே அந்தப் பாடத்துக்கு வேலையே இல்லை.

டிராப் ஷாட்? வீசும்போது ஒரு பொத்தானை அழுத்த வேண்டும்.