கார்லைல் கலாசாலை அணியும் 1912ஆம் ஆண்டும்

விளையாட்டு வெறும் பொழுதுபோக்கே என எண்ணுவோர் நம்மிடையே உளர். ஓர் இனத்தின் மானமே ஒரு பந்தின்மேல் தங்கியிருந்த காலமும் உண்டு என்பதற்கு ஐக்கிய அமெரிக்காவின் கார்லைல் கலாசாலை வரலாறு சான்றாகும். அதனை ஈண்டுச் சுருக்கமாகத் தருகின்றோம்.

1879ஆம் ஆண்டிலே, பென்சில்வேனியா மாநிலத்துப் பழைய இராணுவ முகாமொன்றில், றிச்சர்ட் பிராற் என்னும் இராணுவ அதிகாரி இக்கலாசாலையை நிறுவினார். நம் நூல்களிற் செவ்விந்தியர் எனப்பட்ட ஆதிக்குடிகளின் பிள்ளைகள், பெற்றாரைப் பிரிந்து நெடுந்தூரத்திலிருந்து இங்கு கொண்டுவரப்பட்டனர். அவர்தம் தலைமயிர் கத்தரிக்கப்பட்டது, பெயர் மாற்றப்பட்டது, தாய்மொழி பேசுதல் தடுக்கப்பட்டது. நோயுற்று மாண்ட பிள்ளைகள் பலர் அங்கேயே அடக்கஞ் செய்யப்பட்டனர்.

இம்மாணாக்கர் ஆடியது நாம் ஆடும் உதைபந்தாட்டமன்று. நீள்வட்டப் பந்தைக் கையிலேந்தி ஓடியும் எறிந்தும் ஆடும் அமெரிக்க முறையாகும். பந்தை முன்னோக்கி எறிதல் 1906இல் அனுமதிக்கப்பட்டபின், அதனைத் திறம்படக் கையாண்ட முதல் அணிகளுள் கார்லைலும் ஒன்று. உடற்பாரத்திற் குறைந்த இவர்கள், கிளென் வார்ணர் என்னும் பயிற்றுநரின்கீழ் வேகத்தையும் யுக்தியையும் துணைக்கொண்டனர்.

1912ஆம் ஆண்டு இவ்வணியின் பொற்காலம். சாக்–பொக்ஸ் குடியினரான ஜிம் தோர்ப், அவ்வாண்டு ஸ்ரொக்ஹோம் ஒலிம்பிக்கில் ஐந்து நிகழ்ச்சிப் போட்டியிலும் பத்து நிகழ்ச்சிப் போட்டியிலும் முதலிடம் பெற்று மீண்டு, கார்லைல் அணியில் ஆடினார். நவம்பர் 9ஆம் நாள், வெஸ்ற் பொயின்ற் இராணுவக் கலாசாலையுடன் ஆட்டம் நிகழ்ந்தது. வூண்டட் நீ என்னுமிடத்தில் ஆதிக்குடிகளை அமெரிக்க இராணுவம் கொன்று குவித்து அப்போது 22 ஆண்டுகளே கழிந்திருந்தன. அவ்விராணுவத்தின் வருங்கால அதிகாரிகள் ஒருபுறம். அக்குடிகளின் புதல்வர் மறுபுறம். பின்னாளில் ஜனாதிபதியான ஐசன்ஹோவரும் எதிரணியில் ஆடினார். கார்லைல் 27க்கு 6 என வென்றது! மறுவாரமே பென்சில்வேனியா சர்வகலாசாலையிடம் 34க்கு 26 எனத் தோற்றதாயினும், அப்பருவத்து 14 ஆட்டங்களில் 12இல் வெற்றியும் ஒன்றிற் சமநிலையும் கண்டது.

ஆயின் புகழ் நீடிக்கவில்லை. முன்னர்ப் பணம்பெற்றுத் தளப்பந்து ஆடினாரென்று 1913இல் தோர்ப்பின் பதக்கங்கள் பறிக்கப்பட்டன. 1918இல் கலாசாலையும் மூடப்பட்டது. 1953இல் தோர்ப் மறைந்தார். அவர் மறைந்தபின், 1982இல் இணை வெற்றியாளராகவும், 2022இலேயே தனி வெற்றியாளராகவும் ஏற்கப்பட்டார். அங்கு புதைக்கப்பட்ட பிள்ளைகள் சிலரின் எச்சங்கள் 2017 முதலே உறவினரிடம் ஒப்படைக்கப்பட்டன.

தம் இனத்தை மறக்கப் பயிற்றப்பட்ட இடத்திலேயே, அவ்வினத்தின் ஆற்றலை உலகறியச் செய்தனர் அவ்விளைஞர். ஆயினும் மைதானத்திற் பெற்ற வெற்றி, வகுப்பறையில் இழந்த மொழியை மீட்டுத் தரவில்லை. ஆதலின் எம் வாலிப அன்பர்களே, ஆட்டத்தில் ஊக்கங் கொள்ளுங்கள். வீட்டில் வழங்கும் மொழியையும் முன்னோர் பெயரையும் அதனினும் மேலாகப் பேணுங்கள். பதக்கம் பறிபோயின் நூறாண்டு கழிந்தேனும் மீளலாம். மொழி அவ்வாறு மீள்வது அரிது.