மெனியர் நோய்: அறுவை சிகிச்சை

உட்செவித் திரவம் மிகுந்து சவ்வுகள் உப்புவதோடு தொடர்புடையது மெனியர் நோய். படுத்திருப்பவர்கூடக் கட்டில் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொள்ளுமளவு தலை சுற்றும். காது இரையும், செவித்திறன் குறையும். 'பித்த மயக்கம்' என்று எலுமிச்சைச் சாற்றோடு விட்டுவிடக் கூடாது. இத்தகைய சுற்றலுக்கு மூலம் மூளையல்ல, உட்செவியே என்று 1861இல் எடுத்துரைத்தவர் பாரிஸ் மருத்துவர் புராஸ்பர் மெனியர்.

உப்பைக் குறைப்பதும் மாத்திரையும் பலருக்குப் போதும், அடங்காதவர்களுக்கே அறுவை. காதின் பின்னெலும்பைக் குடைந்து திரவப்பையின் அழுத்தத்தைத் தளர்த்துவது செவியைப் பெரும்பாலும் காக்கும், பலன் குறித்து மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. சமநிலை நரம்பை வெட்டுவது இன்னும் உறுதியான வழி. அதற்கு மண்டையோட்டைத் திறக்க வேண்டும். உட்செவியின் சமநிலை உறுப்புகளை அகற்றினால் அந்தக் காது முற்றிலும் செவிடாகும். ஆகவே ஏற்கெனவே கேளாத காதிலேயே அதைச் செய்கிறார்கள்.

இதற்காகக் காதைக் காட்ட, பொம்மிடி ஊர்க்காரர்களுக்குத் தர்மபுரி, சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் காது மூக்கு தொண்டைப் பிரிவுகள் அருகில் உள்ளன. சேலத்துக்கு ரயிலிலேயே போகலாம்.