சுடுகின்ற மருத்துவம்

தாமலில் இருக்கும் என் பெரியம்மாவுக்கு இடுப்பு வலி வந்து பல ஆண்டுகள் ஆகின்றன. ஏரிக்குக் கீழுள்ள கழனிகளில் குனிந்து நாற்று நட்டே தேய்ந்த உடம்பு அது. எண்ணெய், பட்டி, மாத்திரை, ஊசி எல்லாம் பார்த்தாயிற்று. கடைசியாகப் போன மருத்துவமனையில், முதுகெலும்பை ஒட்டி ஓடும் சிறு நரம்பைச் சுட்டுவிட்டால் வலி குறையக்கூடும் என்றார்கள். வீடு திரும்பியதும் பெரியம்மா கேட்டார்: “மாட்டுக்குப் போடற மாதிரி எனக்கும் சூடு போடப் போறாங்களா?”

சிரித்துவிட்டு நகர்ந்திருக்கலாம். ஆனால் வரலாற்றை அறிந்தவர்கள் அந்தக் கேள்வியைப் பார்த்துச் சிரிக்க மாட்டார்கள். வலியை நெருப்பால் தீர்க்கலாம் என்பது நம் மண்ணின் மிகப் பழைய நம்பிக்கைகளுள் ஒன்று. மூட்டிலும் எலும்பிலும் நரம்பிலும் வாதத்தால் எழும் கடுமையான வலிக்கு அக்கினி கர்மத்தைச் சுசுருத சம்ஹிதை பரிந்துரைக்கிறது. குலசேகராழ்வாரின் பெருமாள் திருமொழியில், வித்துவக்கோட்டுப் பெருமானைப் பாடும் பதிகத்தில், கத்தியால் அறுத்தும் நெருப்பால் சுட்டும் துன்புறுத்தும் மருத்துவனிடம் அன்பு மாறாத நோயாளி ஓர் உவமையாக வருகிறான். கேட்பவருக்குப் பழகிய காட்சியைத்தானே கவிஞர் உவமையாக்குவார்? மருத்துவன் சுடுவான் என்பது அன்றைக்கு எல்லோருக்கும் தெரிந்த செய்தி.

காஞ்சி வட்டாரத்திலேயே இதற்கு நெருங்கிய சான்று ஒன்று இருக்கிறது. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், வெங்கடேசப் பெருமாள் கோயிலில் உள்ள வீரராஜேந்திர சோழனின் கல்வெட்டு ஏறத்தாழ கி.பி. 1068-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ‘வீரசோழன்’ என்னும் ஆதுலசாலையின் நிர்வாகத்தையே அது வரி வரியாகப் பதிந்து வைத்திருக்கிறது. 15 படுக்கைகள், ஒரு மருத்துவர், சல்லியக்கிரியை, அதாவது அறுவை மருத்துவம், செய்ய ஒருவர், மருந்துக்கு வேண்டியவற்றைக் கொண்டுவர இருவர், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பெண்கள் இருவர். இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகளின் பட்டியலில் பூண்டும் ஆமணக்கெண்ணெயும் சேர்ந்த தைலம் ஒன்றும் காணப்படுகிறது. வாத வலிக்கு ஆமணக்கெண்ணெயை இன்றும் நம் பாட்டிமார் கைவிடவில்லை. அறுவை மருத்துவருக்குத் தனி இடம் தந்த அந்த ஆதுலசாலையில் எண்ணெயும் இருந்தது, கத்தியும் இருந்தது.

பழைய நெருப்புக்கு ஒரு குறை உண்டு. அது தோலைச் சுட்டது. வலியைச் சுமக்கும் நரம்போ உள்ளே ஆழத்தில் கிடந்தது. அந்த ஆழத்துக்கு வழி காட்டியது மின்சாரம். நொடிக்குப் பத்தாயிரம் முறைக்கு மேல் திசைமாறும் மின்னோட்டம் தசையை உதறச் செய்வதில்லை என்று 1891-இல் பிரெஞ்சு அறிஞர் தார்சொன்வால் காட்டினார். 1930-களின் தொடக்கத்தில் ஜெர்மானிய மருத்துவர் கிர்ஷ்னர், தாங்கமுடியாத முகநரம்பு வலிக்கு, கன்னத்தின் வழியே ஊசி செலுத்தி நரம்புமுடிச்சை மின்சாரத்தால் சுட்டார். 1953-இல் பாஸ்டனின் ஸ்வீட், மார்க் இருவரும், ரேடியோ அதிர்வெண்ணுள்ள மின்னோட்டமே அளவான, ஒழுங்கான சுடுபுண்ணைத் தரும் என்று நிறுவினார்கள். 1975-இல் அமெரிக்கரான நார்மன் ஷீலி அம்முறையை முதுகெலும்பின் சிறு மூட்டுகளுக்குக் கொண்டுவந்ததைப் பதிவு செய்தார்.

இதில் ஊசி காய்ச்சப்படுவதில்லை. நொடிக்கு ஏறத்தாழ 5 லட்சம் முறை திசைமாறும் மின்னோட்டத்தால் நுனியைச் சுற்றியுள்ள திசுவே சூடாகிறது. சுமார் 45 பாகை செல்சியசுக்கு மேல் நரம்பிழை கெடத் தொடங்கும். சிகிச்சையில் 80 பாகை வரை ஒன்றரை நிமிடம் போல வைப்பார்கள். இதிலும் ஒரு சிக்கல் எழுந்தது. நுனியை ஒட்டிய திசு அளவுமீறிச் சூடாகிக் கருகினால் மின்னோட்டம் தடைப்படும். சுடுபுண் சிறியதாகவே நின்றுவிடும். இடுப்பெலும்பு மூட்டுக்குச் செல்லும் நரம்புகளோ ஆளுக்கு ஆள் வெவ்வேறு தடத்தில் ஓடுபவை. சிறு புண் அவற்றைத் தவறவிடும்.

இதற்குக் கண்ட தீர்வு ஒரு முரண்: நன்றாகச் சுட வேண்டுமானால் ஊசியைக் குளிர்விக்க வேண்டும். இதய, புற்றுநோய்ச் சிகிச்சைகளில் முன்பே கையாண்ட உத்திதான் இது. ஊசிக்குள் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். நுனி 60 பாகையில் நிற்கும். சில மில்லிமீட்டர் தள்ளியுள்ள திசு 80 பாகையை எட்டும். கருகல் இல்லாததால் வெப்பம் பந்துபோல் விரிந்து நுனிக்கு முன்னாலும் பரவும். பழைய ஊசியை நரம்புக்கு இணையாகப் படுக்கவைக்க வேண்டும். இதை நேராகக் குத்தினாலும் போதும். 2008 முதல் இடுப்பெலும்பு மூட்டு வலிக்கு இதன் பயன்பற்றிய ஆய்வுகள் வரத் தொடங்கின.

கருவி இவ்வளவு வளர்ந்தும் பழைய கேள்வி தீரவில்லை: வலி அந்த நரம்பிலிருந்துதான் வருகிறதா? 1996-இல் ஆஸ்திரேலியாவில் கழுத்து வலிக்காரர்கள் 24 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. மரப்பு ஊசியால் திரும்பத் திரும்பச் சோதித்து, வலியின் மூட்டை உறுதிசெய்த பிறகே அவர்களைச் சேர்த்தார்கள். சுடப்பட்டவர்களுக்குப் பாதி வலி திரும்ப நடுநிலை அளவாக 263 நாட்கள் ஆயின. சுடுவதுபோல் பாவனை மட்டும் செய்யப்பட்டவர்களுக்கு 8 நாட்கள்தான். 2017-இல் நெதர்லாந்தில் இடுப்பு வலிக்காரர்கள் 681 பேரிடம் நடந்த ஆய்வுகளிலோ, உடற்பயிற்சியோடு சூட்டையும் சேர்த்ததால் பொருட்படுத்தத்தக்க கூடுதல் பயன் கிடைக்கவில்லை. அங்கே ஒரே ஒரு சோதனை ஊசியை வைத்து ஆட்களைத் தேர்ந்தார்கள் என்பது அதன்மேல் எழுந்த முக்கியமான விமர்சனம். சுட்ட நரம்பு மாதக்கணக்கில் மீண்டும் வளர்ந்துவிடும் என்பதையும் மறப்பதற்கில்லை. நெருப்பு வலியின் செய்தியை நிறுத்துகிறது. அதன் காரணத்தைத் தொடுவதில்லை.

பெரியம்மாவுக்கு இரண்டு முறை சோதனை ஊசி போட்டார்கள். முதல் முறை வலி சட்டென்று விட்டது. வீடே மகிழ்ந்தது. இரண்டாம் முறை சற்றும் குறையவில்லை. இன்னொரு தடவை பார்க்கலாமே என்று நாங்கள்தான் கெஞ்சினோம். அந்த மருத்துவர் மறுத்துவிட்டார். சுட்டுவிட்டுக் காத்திருப்பது எளிது; ஆனால் எதைச் சுடுகிறோம் என்று தெரியாமல் சுடக்கூடாது என்றார். பயிற்சிகள் எழுதித் தந்து அனுப்பினார்.

பெரியம்மாவின் வலி இன்னும் இருக்கிறது. ஆனால் அவரைப் பற்றிப் பேச்சு வந்தால், “நல்ல டாக்டருப்பா” என்கிறார். அறுத்தும் சுட்டும் நோயாளியின் அன்பைப் பெற்ற மருத்துவன் ஆழ்வாரின் பாசுரத்தில் இருக்கிறான். சுடாமல் விட்டதற்காக அந்த அன்பைப் பெற்றவரை நான் தாமலில் அறிந்தேன்.