திரும்பி வந்தால் என்ன வேலை?

கைலாசபதியும் சிவத்தம்பியும் ஆய்வு செய்தது தமிழ் இலக்கியத்தில். கலாநிதிப் பட்டம் பெற்றதோ இங்கிலாந்தின் பேர்மிங்ஹாமில், கிரேக்க அறிஞர் ஜோர்ஜ் தொம்சனிடம். 1960களில் இங்கே பல்கலைக்கழகங்கள் பெருகிக்கொண்டிருந்தன. படித்துவிட்டு வந்தவர்களுக்கு இடம் இருந்தது. 1974இல் யாழ்ப்பாண வளாகம் தொடங்கியபோது கைலாசபதிதான் அதன் முதல் தலைவர்.

2012இல் கல்விக்கு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 வீதம் ஒதுக்கச் சொல்லி விரிவுரையாளர்கள் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தார்கள். அது கிடைக்கவில்லை. நாட்டில் ஆய்வுக்கும் அபிவிருத்திக்கும் செலவாகிறது 0.2 வீதம்கூட இல்லை.

வெளியில போய்ப் படிக்கிறவை திரும்பி வரேல்லை எண்டு நாங்கள் குறை சொல்லுறம். வந்தால் என்ன வேலை, ஆய்வுக்கு ஆர் காசு தருவினம் எண்டதையும் சேர்த்துக் கேட்கவேணும். அந்தக் கேள்வி அரசாங்கத்துக்கானது.